வலிக்காத கட்டி: மார்புப் புற்றும் ‘சமாளிப்பு’ என்கிற சொல்லாடலும்

எங்கள் பெரியம்மாவுக்கு மாரில் கட்டி தட்டுப்பட்டது சேகோ பேக்டரியில் கிழங்குத் தோல் சீவிக்கொண்டிருந்த பருவத்தில். வாழப்பாடியிலிருந்து சேலத்துக்கு பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனது அதற்குப் பதினான்கு மாதம் கழித்து, 2018இல். ஏன் இத்தனை நாள் சும்மா இருந்தீங்க என்று டாக்டர் கேட்டார். “அது வலிக்கலீங்களே சாமி. வலிச்சிருந்தா வந்திருப்பனுங்க” என்றாள். (சாமி என்று கூப்பிடாதே என்று எத்தனை தடவை சொன்னாலும் வெள்ளைக் கோட்டைக் கண்டால் அவள் வாயில் அதுதான் வரும்.) டாக்டர் என் பக்கம் திரும்பி, “இவங்களுக்கெல்லாம் அவேர்னஸ் இல்ல” என்றார். ‘இவங்க’ என்ற சொல்லுக்குள் நானும் இருந்தேனா இல்லையா என்று இன்னும் எனக்குத் தெளிவில்லை.

மறு வருஷம் ஒரு மாணவி எங்கள் காலனிக்கு வந்தார். மார்புப் புற்று வந்த பெண்களின் ‘சமாளிப்பு உத்திகளும் உடல் அறிகுறிகளும்’ பற்றி ஆய்வு செய்கிறார். கையில் ஆறு பக்கக் கேள்வித்தாள். முதல் பாதி, நோயை மனசுக்குள் எப்படி எதிர்கொள்கிறாய் என்பது. இரண்டாம் பாதி, போன வாரம் உடம்புக்கு என்னென்ன செய்தது என்பது. ஒவ்வொன்றுக்கும் நான்கு கட்டம். தமிழ் ‘நோயுற்றோர் தம் மனவெழுச்சிகளை’ என்கிற ரீதியில் இருந்ததால் அதைப் பேச்சுத் தமிழில் வாசித்துக் காட்டும் வேலை என் தலையில் விழுந்தது. எம்.ஏ. தமிழுக்கு இப்படியும் ஒரு பயன். அன்றைக்கு அந்தத் தாளை நான்கு பெண்களுக்கு வாசித்தேன். அன்றிலிருந்து அதை ஓர் இலக்கியப் பிரதியாகவே வாசித்துக்கொண்டிருக்கிறேன். இந்தக் கட்டுரை அந்த வாசிப்புதான்.

அகப்பாட்டைக் கையில் எடுத்தால் நாங்கள் முதலில் கேட்பது, கூற்று யாருடையது, கேட்போர் யார் என்பதை. கேள்வித்தாளில் ‘நான்’, ‘எனக்கு’ என்றுதான் எல்லா வரியும் ஆரம்பிக்கிறது. நோயாளிக் கூற்று போலத் தெரியும். ஆனால் அந்த ‘நான்’ வாழப்பாடிக்காரி இல்லை. இந்த வகைத் தாள்களின் மூதாதையைத் தேடிப் போனால் லண்டனில் போய் நிற்கிறது. 1979இல் வெளியிட்ட ஆய்வுக்காக ஸ்டீவன் கிரீரும் அவருடைய கூட்டாளிகளும் மார்பு அறுவை முடிந்த 69 பெண்களை மூன்று மாதம் கழித்துப் பேட்டி கண்டு, அவர்கள் நோயை எதிர்கொண்ட விதத்தை வகை பிரித்தார்கள். ஐந்து வருஷம் கழித்துப் பார்த்தபோது, நோயை மறுத்தவர்களும் ‘போர்க்குணம்’ காட்டியவர்களும் மற்றவர்களைவிட நன்றாக இருந்தார்கள் என்று எழுதினார்கள். அதன் தொடர்ச்சியாக 1988இல் வந்ததுதான் 40 கூற்றுகள் கொண்ட அளவுகோல். போர்க்குணம், நிராதரவு, ஓயாத கவலை, விதிவாதம், தவிர்ப்பு என்று ஐந்து பெட்டி. கடவுள் கையில் விட்டுவிட்டேன் என்று தலையாட்டினால் விதிவாதப் பெட்டியில் மதிப்பெண் விழும்.

எங்கள் காலனிப் பெண்கள் நான்கு பேரும் அன்றைக்கு விதிவாதத்தில் விழுந்தார்கள். பெரியம்மா தவிர்ப்பிலும் விழுந்தாள். பதினான்கு மாதம் போகாமல் இருந்தாளே.

அந்தப் பதினான்கு மாதத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். மார்புப் புற்றின் ஆரம்பக் கட்டி பெரும்பாலும் வலிக்காது. தோல் ஆரஞ்சுப் பழத்தோல் மாதிரி குழி விழுவது, காம்பு உள்ளே இழுத்துக்கொள்வது, அக்குளில் நெறி கட்டுவது, கட்டி உடைந்து நாறுவது எல்லாம் பிறகு வருபவை. மருத்துவப் புத்தகம் வலியின்மையை ஓர் அறிகுறியாகவே சொல்லும். ஆனால் கிழங்கு சீவுகிற, களை எடுக்கிற, பாக்கு உரிக்கிற ஓர் உடம்பில் தினமும் வலிக்காத இடம் எது? இடுப்பு வலிக்கும். கிழங்குப் பாலும் கத்தியும் பட்டு விரல் வெடித்து எரியும். தோள்பட்டை ராத்திரியில் இறங்காது. இத்தனை வலியையும் வைத்துக்கொண்டு வேலைக்குப் போகிறவளுக்கு ஒரு நாள் கூலியை விடுவதற்கு என்ன நியாயம் வேண்டும்? வலியை மிஞ்சிய வலி வேண்டும். அது இல்லாமல் ஆஸ்பத்திரிக்குப் போனால் வீட்டிலும் கேட்பார்கள், மேஸ்திரியும் கேட்பான், அவள் மனசும் கேட்கும். வலி என்பது எங்கள் பெண்களுக்கு ஒரு ரேஷன் கார்டு மாதிரி. அதைக் காட்டினால்தான் உட்கார முடியும். உடம்பிலேயே வலிக்காத ஒரே இடம் அந்தக் கட்டிதான் என்றால் அதை அவள் எப்படி நோயாக வாசிப்பாள்? டாக்டர் ‘அவேர்னஸ் இல்லை’ என்றார். கேள்வித்தாள் ‘தவிர்ப்பு’ என்றது. நான் அதைக் கூலிக் கணக்கு என்கிறேன்.

தமிழ் மரபு இந்த இடத்தில் நமக்குக் கைகொடுக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். உடம்பில் தெரியும் குறிகளை இவ்வளவு நுணுக்கமாகப் பேசிய இலக்கியம் வேறு எங்கே இருக்கிறது என்று வகுப்பில் மார்தட்டுவார்கள். பசலை படர்கிறது, தோள் மெலிகிறது, வளை கழன்று விழுகிறது. எல்லாம் தலைவிக்கு. அடியோரும் வினைவலரும் ஐந்திணைக்குப் புறத்தே நிற்க வேண்டியவர்கள் என்று தொல்காப்பியம் எல்லை போட்டுவிட்டது. கூலிக்காரியின் தோள் மெலிந்தால் அது மெய்ப்பாடு ஆகாது. மெய்ப்பாட்டியலில் பிணி வருவது எங்கே தெரியுமா? இளிவரலுக்கான நான்கு காரணங்களில் ஒன்றாக. மூப்பு, வருத்தம், மென்மை ஆகியவற்றோடு சேர்த்து. முலையைப் பற்றிப் பேசிய இடங்களும் அப்படித்தான். கண்ணகி திருகி எறிந்தது கற்பின் ஆயுதம். புறநானூற்றுத் தாய் அறுத்தெறிவேன் என்று வஞ்சினம் கூறியது மறத்தின் அடையாளம். 2002இல் குட்டி ரேவதியின் ‘முலைகள்’ தொகுப்பு வந்தபோது எழுந்த கூச்சலை நாம் அறிவோம். சொல்லையே சகிக்காத ஊரில் கட்டியை யார் பேசுவது? எங்கள் பெண்கள் ‘மார்ல கட்டி’ என்பார்கள். உடைந்து புண்ணானால் ‘புத்து வெச்சிருச்சு’. புத்து என்றால் பால் ஊற்றிக் கும்பிடுகிற இடமும்தான். அந்தச் சொல்லில் இருக்கிற பயமும் பக்தியும் ‘புற்றுநோய்’ என்று றகரம் போட்டு எழுதும்போது காணாமல் போகிறது.

சரி, போர்க்குணத்துக்கு வருவோம். 1979இன் அந்த முடிவு உலகம் முழுக்கப் பரவியது. நம்பிக்கையோடு போராடினால் பிழைப்பாய் என்று பத்திரிகைகள் எழுதின, நன்கொடை கேட்கிறவர்கள் பேசினார்கள், ரோஜா நிற ரிப்பன்கள் கிளம்பின. ஆனால் 1999இல் மேகி வாட்ஸனும் கிரீரும் மற்றவர்களும் 578 பெண்களைப் பின்தொடர்ந்து வெளியிட்ட ஆய்வில், போர்க்குணம் ஆயுளைக் கூட்டியதாகத் தெரியவில்லை. நிராதரவான மனநிலைக்கு மட்டும் ஓரளவு பாதிப்பு இருப்பதாகக் கண்டார்கள். தன் முடிவைத் தானே சோதித்துத் திருத்திய நேர்மையைப் பாராட்டத்தான் வேண்டும். அந்தத் திருத்தம் மட்டும் நம் ஊர் விழிப்புணர்வுக் கூட்டங்களுக்கு இன்னும் வந்து சேரவில்லை. இப்போதும் மேடையில் ‘மன உறுதிதான் முதல் மருந்து’ என்கிறார்கள். அப்படியானால் செத்தவளுக்கு உறுதி போதவில்லை என்று அர்த்தமாகிறது. எங்கள் பெரியம்மா 2021இல் செத்தாள், எலும்புக்குப் பரவி. உறுதியில் குறை வைத்தவள் இல்லை அவள்.

நம் தோழர்களும் இதில் தப்ப முடியாது. பெரியம்மாவைப் பார்க்க வந்த ஒருவர், “நீங்க போராளிம்மா, இதையும் எதிர்த்துப் போராடுங்க” என்று கையை முறுக்கிக் காட்டிவிட்டுப் போனார். அவர் போனதும் பெரியம்மா கேட்டாள்: “யார எதுத்து கண்ணு? என் ஒடம்பையா?” நோயைப் போர்க்களமாக்கிப் பேசும் உருவகத்தை சூசன் சொன்டாக் 1978லேயே எழுத்தில் பிரித்துக் காட்டினார். பெரியம்மா அவரைப் படித்தவள் இல்லை.

ஆத்ரே லார்டின் ‘கேன்சர் ஜர்னல்ஸ்’ 1980இல் வந்தது. கறுப்பினப் பெண், கவிஞர். மார்பை எடுத்தபின் பஞ்சு வைத்த பொய் மார்பை அணிய மறுத்தார். அது இல்லாமல் டாக்டரின் அறைக்குப் போனபோது, மற்றவர்களின் மன உறுதி கெடும் என்று நர்ஸ் கண்டித்ததை எழுதியிருக்கிறார். யாருடைய மன உறுதிக்காக யார் மறைக்க வேண்டும் என்கிற கேள்வி அவருடையது. நம் பக்கம் அந்தக் கேள்வி வேறு மாதிரி திரும்புகிறது. பொய் மார்பு வாங்கப் பெரியம்மாவிடம் காசில்லை. பழைய சேலைத் துணியைச் சுருட்டி வைத்துக்கொண்டாள். ஊர்க்காரர்கள் பார்ப்பார்கள் என்பதற்காக இல்லை, வேலைக்குக் கூப்பிடுகிறவன் கண்ணில் பட்டால் ‘சீக்காளி’ என்று கூலிக்குச் சேர்க்க மாட்டான் என்பதற்காக. கேள்வித்தாளில் ‘நோயை மற்றவரிடமிருந்து மறைக்கிறேன்’ என்பது போல ஒரு கூற்று வருகிறது. நான் வாசித்தேன். ஆமாம் என்றாள். கட்டம் நிரம்பியது. காரணத்துக்குக் கட்டம் இல்லை.

இரண்டாம் பாதி, உடல் அறிகுறிகள். இதைத்தான் நான் ஆறவில்லை. சமாளிக்கும் விதத்துக்கும் உடம்பின் தொல்லைகளுக்கும் தொடர்பு உண்டு, தவிர்க்கிறவர்களும் நம்பிக்கை இழந்தவர்களும் கூடுதல் அறிகுறிகளைச் சொல்கிறார்கள் என்பது இவ்வகை ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வரும் பேச்சு. ஒரே நாளில், ஒரே தாளில் இரண்டையும் கேட்டுவிட்டு எது முந்தி எது பிந்தி என்று எப்படிச் சொல்வது? மனசு தளர்ந்ததால் கை வீங்கியதா, கை வீங்கியதால் மனசு தளர்ந்ததா?

அக்குள் நெறிகளை எடுத்தபின் சிலருக்கு அந்தப் பக்கக் கை வீங்கும். நிணநீர் வடிய வழி இல்லாமல் போவதால். பெரியம்மாவுக்கு வலது கை. அந்தக் கையில் வெட்டு, முள் படக்கூடாது, பட்டால் சீழ் பிடித்துக் காய்ச்சல் வரும், வெயிட் தூக்காதீங்க என்று சொல்லி அனுப்பினார்கள். பாக்கு உரிக்கிறவளுக்குக் கத்தி படாத நாள் உண்டா? கூடை தூக்காதே என்பதற்கு வேலைக்குப் போகாதே என்பதைத் தவிர வேறு என்ன பொருள்? (சரியாகச் சொல்லிக்கொடுத்து, படிப்படியாகப் பளு கூட்டினால் கைக்குக் கேடில்லை என்று அமெரிக்காவில் 2009இல் ஆய்வு வந்துவிட்டது. அங்கே பயிற்சியாளரை வைத்துக்கொண்டு தூக்கினார்கள். இங்கே மேஸ்திரிதான்.) சிவப்பு ஊசி போட்டபோது சிறுநீர் சிவப்பாகப் போனது. ரத்தம் என்று நினைத்து ராத்திரி முழுக்க யாரிடமும் சொல்லாமல் உட்கார்ந்திருக்கிறாள். மருந்தின் நிறம்தான் அது என்று ஒரு வார்த்தை முன்கூட்டிச் சொல்லியிருக்கலாம். அடுத்து வந்த பாக்லிடாக்சல் மருந்தில் விரல் நுனியும் பாதமும் மரத்துப் போயின. பூ கட்டுகிறவளுக்கு நார் தெரியாது, சமைக்கிறவளுக்குச் சூடு தெரியாது. பெரியம்மாவுக்குக் கத்திப்பிடி தெரியவில்லை. கத்தி நழுவி இடது கட்டைவிரலைக் கிழித்ததும் அவளுக்குத் தெரியவில்லை, பக்கத்தில் இருந்தவள்தான் ரத்தத்தைப் பார்த்துக் கத்தினாள்.

மரத்துப் போதல் கேள்வித்தாளில் இருக்கிறது. ‘சிறிதளவு, ஓரளவு, அதிகம், மிக அதிகம்.’ பெரியம்மா ‘ஓரளவு’ என்றாள். ஏன் என்று கேட்டேன். “அது வலிக்கல இல்ல கண்ணு.”

இந்த இடத்தில் மகாசுவேதா தேவியின் ‘ஸ்தனதாயினி’ கதையைப் பேசியாக வேண்டும். காயத்ரி ஸ்பிவக் அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து நீண்ட வாசிப்பும் எழுதியதால் ஆய்வுலகம் முழுக்கத் தெரிந்த கதை. ஜசோதா ஏழைப் பிராமணப் பெண். ஹால்தார் குடும்பத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் கூலிக்குப் பால் கொடுத்தே குடும்பத்தைக் காப்பாற்றுகிறாள். பால் தேவைப்படாத காலம் வந்ததும் வேண்டாதவளாகிறாள். அதே மாரில் புற்று வருகிறது, புண்ணாகிறது, நாறுகிறது. சொல்லாமல் மறைக்கிறாள். ஆஸ்பத்திரியில் தனியாகச் சாகிறாள். ஹால்தார் வீட்டில் ராத்திரி போன் இணைப்பைத் துண்டித்து வைத்திருக்கிறார்கள், சாவுச் செய்தி போய்ச் சேரவில்லை. மார்பு ஒரு உழைப்புக் கருவி, அந்தக் கருவியே தேய்ந்து நோயாகிறது என்று இவ்வளவு கூர்மையாகச் சொன்ன கதை இந்திய மொழிகளில் நான் வேறு படித்ததில்லை. ஜசோதாவின் மறைப்பைத் ‘தவிர்ப்பு’ப் பெட்டியில் போட எந்த வாசகருக்கும் மனம் வராது. கதையைப் படித்தவருக்குக் காரணம் தெரியும். கேள்வித்தாளுக்கும் கதைக்கும் உள்ள வித்தியாசம் அதுதான்.

ஆனால் எனக்கு இரண்டு தகராறுகள் உண்டு. மகாசுவேதாவே இந்தக் கதையை இந்தியாவின் உருவகம் என்று சொன்னதாக ஸ்பிவக் எழுதுகிறார். எல்லோரும் உறிஞ்சிவிட்டுக் கைவிட்ட தாய் நாடு. ஸ்பிவக் அதை ஏற்காமல் வேறு தளங்களுக்குக் கொண்டுபோகிறார். எனக்கும் ஏற்பில்லை. புற்று வந்த மார்பைத் தேசமாக்கிவிட்டால் புண்ணைத் துடைக்கிறவர் யார் என்ற கேள்வி காணாமல் போகும். இரண்டாவது தகராறு முடிவைப் பற்றியது. யாரும் வராத ஜசோதாவைக் கடைசியில் எரிப்பவர் ஒரு தீண்டப்படாதவர். கதையில் அது கைவிடப்பட்டதன் உச்சமாக வருகிறது. பிராமணத்திக்கு நேர்ந்த கடைசிக் கதி. பெரும்பாலான வாசிப்புகள் அந்த இடத்தைக் கண்கலங்கிக் கடந்து போகின்றன. சேலம் ஜில்லாவின் அருந்ததியர் தெருவில் உட்கார்ந்து படித்தால் அது வேறு மாதிரி தெரிகிறது. பாலைக் குடித்த அத்தனை பேரும் தொடாமல் விட்ட உடம்பை அந்த ஒரு கைதான் தொட்டிருக்கிறது. அந்தக் கைக்குக் கதையில் பெயரில்லை, முகமில்லை. எந்த ஊர் ஆஸ்பத்திரியானாலும் நாறும் புண்ணின் துணியை அள்ளுகிறவர், வாந்தியைக் கழுவுகிறவர், பிணத்தை வண்டியில் ஏற்றுகிறவர் பெரும்பாலும் யார் என்று நமக்குத் தெரியாதா?

தொடுதல் என்பது இந்த நோயில் சும்மா ஒரு உருவகம் இல்லை. கட்டியைக் கண்டுபிடிப்பதே கைதான். ஷாங்காயில் 2,66,000 ஆலைப் பெண்களிடம் நடந்த சோதனையில், தன் மார்பைத் தானே தடவிப் பார்க்கக் கற்றுக்கொடுத்ததால் மட்டும் சாவு குறையவில்லை என்று 2002இல் தெரிந்தது. மும்பையில் டாடா நினைவு மருத்துவமனை 1998இல் தொடங்கி, சேரிப் பகுதிகளில் சுமார் ஒன்றரை லட்சம் பெண்களிடம் நடத்திய சோதனை 2021இல் வெளியானது. டாக்டர்கூட வேண்டாம், பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை கையால் தொட்டுப் பார்த்தார்கள். 50 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் மார்புப் புற்றுச் சாவு ஏறக்குறைய 30 சதம் குறைந்தது. 50க்குக் கீழே அந்தப் பலன் தெரியவில்லை. இந்தியாவில் 2020இல் மட்டும் புதிதாக 1,78,000 பெண்களுக்கு இந்த நோய் வந்ததாகவும் 90,000 பேர் செத்ததாகவும் உலகப் புற்றுநோய்க் கணக்கு மதிப்பிட்டது. ஆக, வேண்டியது வீடு தேடி வந்து தொடுகிற கை. குஜராத், ராஜஸ்தான் கிராமங்களில் தலித் குழந்தைகளுக்கு மருந்தைக்கூடத் தொடாமல் கொடுப்பதை சங்கமித்ரா ஆச்சார்யா 2010இல் ஆய்வாகவே பதிவு செய்தார். எங்கள் காலனிக்கு வந்த ஒரு நர்சம்மா வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, “யாருக்காச்சும் கட்டி கிட்டி இருக்கா?” என்று சத்தமாகக் கேட்டுவிட்டு, நோட்டில் எல்லோருக்கும் ‘இல்லை’ போட்டுக்கொண்டு போனார். இருபது ஆம்பளைகள் சுற்றி நின்றார்கள்.

முத்துலட்சுமி ரெட்டி தன் தங்கையைப் புற்றுக்குப் பறிகொடுத்த துக்கத்தில்தான் 1954இல் அடையாறில் 12 படுக்கையோடு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். தேவதாசி குலத்துத் தாய்க்குப் பிறந்தவர் அவர். துக்கம் ஒரு நிறுவனம் ஆவதற்குப் படிப்பும் பதவியும் வேண்டியிருந்தது. நம் துக்கம் என்னவாகிறது? நம் எழுத்தையே எடுத்துக்கொள்வோம். பாமாவின் ‘சங்கதி’ 1994இல் வந்தது. நம் பெண்களை மட்டும் பேய் ஏன் பிடிக்கிறது என்று கேட்டு, ஓய்வில்லாத வேலையிலும் நிம்மதியில்லாத வீட்டிலும் அதற்குப் பதில் தேடியது. சமாளிப்பு பற்றி அதைவிட நல்ல ஆய்வை நான் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு? நான் படித்தவரை நம் கதைகளில் உடம்பு அடிபடுகிறது, பசிக்கிறது, சிதைக்கப்படுகிறது. நோய்ப்படுவது குறைவு. சாதிக்காரன் அடித்த காயம்தான் அரசியல், மாரில் வந்த கட்டி சொந்த விஷயம் என்று நாமும் ஒரு அகம், புறம் வகுத்து வைத்திருக்கிறோமோ என்று சந்தேகமாக இருக்கிறது. காப்பீட்டு அட்டையில் அறுவைக்கும் மருந்துக்கும் பணம் கிடைத்தது, பொய் சொல்லக்கூடாது. போன கூலிக்கும், கூடப்போன மகளின் கூலிக்கும், பஸ்ஸுக்கும், வெளியே வாங்கிய இட்லிக்கும் யாரும் கொடுக்கவில்லை. அதைக் கேட்டு நாம் ஒரு துண்டறிக்கை போட்டதுண்டா?

அந்த மாணவியைக் குறை சொல்லி முடிக்க எனக்கு மனசில்லை. பெரியம்மாவுக்கு அந்தத் தாள் பிடித்திருந்தது. தூக்கம் வருதா, வாய்ப்புண் இருக்கா, கை எந்நேரம் வீங்குது, அழுகை வருதா என்று வரிசையாகக் கேட்கக் கேட்க அவள் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். “இத்தன நாள்ல என்னைய ஒருத்தரும் இவ்ளோ கேட்டதில்ல” என்றாள். டாக்டர் கட்டியைக் கேட்டார், நாங்கள் சாப்பிட்டாயா என்று கேட்டோம். தூக்கத்தைக் கேட்டது அந்தத் தாள்தான்.

கடைசிக் கேள்வி, வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா என்பது. இரண்டு வரி இடம் விட்டிருந்தது. பெரியம்மா முக்கால் மணி நேரம் பேசினாள். வார்டில் கட்டு மாற்றும்போது துணி ஒட்டிக்கொண்டால் வெந்நீர் ஊற்றி ஊறவைத்து மெல்ல எடுத்த துப்புரவு வேலைக்காரப் பெண்ணைப் பற்றி, அவளுக்கு ஆத்தூர் பக்கம் என்பது பற்றி, அவளுக்கு மூன்று மாதமாகச் சம்பளம் வரவில்லை என்பது பற்றி. அறுவை செய்த டாக்டரின் பெயர் பெரியம்மாவுக்குக் கடைசிவரை தெரியாது. அந்தப் பெண்ணின் பெயரைச் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள். மாணவி தாளைத் திருப்பிப் பின்பக்கம் முழுக்க எழுதிக்கொண்டார். இதை எங்கே சேர்ப்பீங்க என்று நான் கேட்டதற்கு, கம்ப்யூட்டரில் ஏற்ற இதற்கு எண் கிடையாது, தன் நோட்டில் வைத்துக்கொள்வதாகச் சொன்னார்.